பழைய மண்ணும் புதிய மனையும்

இலண்டன் மாநகருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, ஊர்க் காணித் தரகர் ஒருவர் எமது வீட்டுக்கு எழுந்தருளினார். வெற்றிலைத் தட்டத்தைத் தம் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, மழை, வெங்காய விலை, கோயில் திருவிழா என ஊர் நடப்புகள் யாவற்றையும் ஒரு சுற்றுப் பேசி முடித்த பின்னரே வந்த காரியத்தை வெளியிட்டார். எமது முதுசொமாகிய பன்னிரண்டு பரப்பு வயலை வாங்குவதற்கு ஆள் இருக்கிறதாம். கல்லும் மண்ணும் கொட்டி நிரவி, ஆறு மனைத் துண்டுகளாகப் பிரித்துவிடலாமாம்.

"மாஸ்டர், நெல்லை விதைத்து இதுவரை என்ன கண்டீர்கள்? உழவுகூலிக்கும் உரத்துக்கும் கொடுத்தது போக மிஞ்சியது வைக்கோல்தானே! வயலாகக் கிடந்தால் அது வயல். வளவாக மாறினால் அது பவுண்!" என்றார்.

வயலை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்பது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். அதனை நினைவூட்டினோம். தரகர் சிரித்தார். அச்சிரிப்பின் பொருளை வாசகர்கள் அறிவர்.

ஆயினும் அவரை அக்கணமே மறுத்து அனுப்ப எம்மால் முடியவில்லை. இலண்டனில் வாழும் எமது மகளும் மருமகனும் பத்தாண்டுகளாக வாடகை வீட்டில் இருந்து அலுத்து, சொந்த வீடு வாங்க முயன்றுகொண்டிருந்தனர். முற்பணத்தில் ஒரு பகுதி குறைகின்றது. மகள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேளாத பிள்ளையின் குறைதான் பெற்றோருக்குப் பெரிதாகத் தோன்றும். "போய் வந்து சொல்கிறோம்" எனத் தரகரை அனுப்பிவிட்டு, அவ்வயலின் உறுதியைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினோம். உறுதியை ஏன் உடன்கொண்டு போனோம் என்பது இன்றுவரை எமக்கே விளங்கவில்லை.

மகள் குடியிருப்பது கிழக்கு இலண்டனில் ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதியில். அவ்விடத்தைப் பற்றி எமது வாசகர்களுக்குப் புதிதாகக் கூறவேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவரேனும் அங்கிருந்து கடிதம் எழுதியிருப்பர். முருங்கைக்காயும் ஒடியல் மாவும் விற்கும் கடைகள், சற்று அப்பால் மகாலக்ஷ்மி கோயில், முருகன் கோயில். குளிர் ஒன்று இல்லையாயின் யாழ்ப்பாணத்துப் பெரியகடையின் ஒரு மூலையென்றே எண்ணத் தோன்றும்.

நிற்க. நாம் சென்று சேர்ந்த அன்று இரவே வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருப்பதை அறிந்தோம். மகளின் எண்ணம், இரண்டு மைலுக்கு அப்பால் ஸ்ட்ராட்போர்ட்டில் எட்டாம் மாடியில் இரண்டு அறைகொண்ட தொடர்மாடி வீடு ஒன்றை வாங்குவது. மருமகனின் எண்ணம், நகரைவிட்டு வடக்கே ஸ்டீவனேஜ் என்னும் ஊருக்கு அருகே, அண்மைவரை உழுத வயலாக இருந்த நிலத்தில் எழும் புதுமனைகளுள் ஒன்றை வாங்குவது. "மாமா, காலை வைத்தால் மண்ணில் வைக்க வேண்டும். ஆகாயத்தில் தொங்குவதற்கு நாம் என்ன வௌவாலா?" என்றார் மருமகன். "அப்பா, அங்கே ஒரு இறாத்தல் பாண் வாங்குவதற்கும் கார் எடுக்க வேண்டும்" என்றாள் மகள். நடுவர் பதவி எமக்குக் கிடைத்தது. இரண்டையும் நேரிற் கண்ட பின்னரே தீர்ப்பு என்று தப்பித்துக்கொண்டோம்.

ஆங்கிலேயர் நிலத்துக்கு நிறம் வைத்து அழைக்கின்றனர். முன்னொருகால் தொழிற்சாலையோ, பண்டகசாலையோ, புகையிரதப் பாதையோ, வீடோ இருந்து கைவிடப்பட்ட நிலம் பழுப்பு நிலம். ஏரையும் ஆட்டையும் அன்றி வேறொன்றையும் காணாத நிலம் பசுநிலம். புது வீடுகளை எந்நிலத்திற் கட்டுவது என்பது அந்நாட்டிலே தேர்தல்களை ஆட்டிவைக்கும் கேள்வி. புது வீடுகளுள் நூற்றுக்கு 60 பழைய நிலத்திலேயே அமையவேண்டும் என 1998 ஆம் ஆண்டிலே அரசாங்கம் இலக்கு வைத்தது. வீட்டுத் தோட்டமும் அக்கணக்கிற் சேர்ந்திருந்தமையால், நல்ல பழமரச் சோலைகளை அழித்து நாலைந்து வீடுகளை நெருக்கிவிட்டு, "பழைய நிலத்திற்றானே கட்டினோம்" என்று கூறியவர்கள் பலர். 2010 இலே குடிமனைத் தோட்டங்களை அவ்வரைவிலக்கணத்திலிருந்து நீக்கினர். சட்டம் எழுதுவோருக்கும் சட்டத்தைச் சுற்றிப் போவோருக்கும் நடக்கும் ஓட்டப் பந்தயம் எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

சனிக்கிழமை காலை ஸ்ட்ராட்போர்ட்டுக்குப் புறப்பட்டோம். நாமும் இல்லாளும் மகளும், பத்து வயதுப் பேரனும். மருமகன் வரவில்லை, எதிர்க்கட்சிக்காரர்.

நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் கண்ணைப் பறிக்கும் கடைத்தொகுதி. அதனைக் கடந்தால் அகன்ற பூங்கா, வாய்க்கால்கள், விளையாட்டரங்கு, பின்னர் வரிசை வரிசையாகத் தொடர்மாடிகள். புதிதாக வருபவர் இவ்விடம் என்றும் இப்படியே இருந்தது என்றுதான் எண்ணுவர். ஆனால், லீ ஆற்றின் கிளைகள் பின்னிக் கிடக்கும் இத்தாழ்நிலம் நூற்றைம்பது ஆண்டுகளாக இலண்டன் நகரின் கொல்லைப்புறமாக இருந்தது. நாற்றமெடுப்பதும் தீப்பிடிப்பதும் நஞ்சாவதும் ஆகிய தொழில்கள் யாவும் நகரின் கிழக்கே இங்குதான் வந்து குவிந்தன. எலும்பு காய்ச்சுவோரும் சவர்க்காரம் செய்வோரும் சாயமும் அமிலமும் வடிப்போரும் ஒருவரையொருவர் நெருங்கியிருந்து தொழில் செய்தனர். பிளாஸ்டிக் என்று இன்று உலகமெங்கும் நிறைந்திருக்கும் பொருளின் முதல் மூதாதை இதன் மேற்கு ஓரமாகிய ஹக்னி விக் என்ற இடத்திலேதான் 1866 இல் ஒரு சிறு தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பார் தொடக்கிய அத்தொழிற்சாலை இரண்டாண்டு கூட நிலைக்கவில்லை. அவருடைய பொருளோ சாகாவரம் பெற்றுவிட்டது.

புகையிரத எந்திரங்கள் கட்டும் பெரிய பட்டடை ஒன்றும் ஸ்ட்ராட்போர்ட்டில் இருந்தது. 1891 ஆம் ஆண்டிலே ஒரு முழு எந்திரத்தை 9 மணி 47 நிமிடத்திற் பொருத்தி முடித்து உலகை வியக்கவைத்தனர் அங்கிருந்த தொழிலாளர். அவ்வெந்திரம் சாயங்கூட முழுதும் காயாமல் ஓடத் தொடங்கியிருக்கும் போலும்! நூறாண்டு கழித்து, 1991 இல், பட்டடையின் கடைசிக் கதவும் மூடப்பட்டது. எஞ்சியவை துருப்பிடித்த தண்டவாளங்களும், எண்ணெய் ஊறிய மண்ணும், உயர் மின்கம்பிகளைத் தாங்கிய கோபுரங்களும், மலைபோற் குவிந்த பழைய குளிர்ப்பெட்டிகளுமே.

2005 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆந் தேதி, 2012 ஒலிம்பிக் விளையாட்டுகள் இலண்டனுக்கு என்று தீர்ப்பாகியது. இரண்டரைச் சதுர கிலோமீற்றர் நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது. இருநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 52 மின்கோபுரங்கள் வீழ்த்தப்பட்டு, கம்பிகள் ஆறு கிலோமீற்றர் நீளமான இரு சுரங்கங்களுள் இறங்கின. இவை யாவும் பணமிருந்தாற் செய்யக்கூடியவை. எமக்கு வியப்பளித்தது வேறு. அவர்கள் மண்ணைக் கழுவியிருக்கிறார்கள்!

ஆம், எமது பெண்கள் அரிசி களைவது போல. தோண்டிய மண்ணை முதலிற் சல்லடையிலிட்டுப் பெருங்கல்லைப் பிரித்தெடுப்பர். பின்னர் நீரைப் பாய்ச்சி எந்திரத்தில் உரசிக் கழுவுவர். எண்ணெயும் தாரும் ஈயமும் போன்ற நஞ்சுகள் பெருமணலில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. மாவு போன்ற நுண்ணிய களியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே களியைத் தனியே பிழிந்து வரட்டியாக்கி அகற்றிவிட்டு, சுத்தமான மணலையும் பரலையும் திரும்பவும் அதே நிலத்திற் பரப்புவர். எண்ணெய் ஊறிய சில மண்ணுக்கு நுண்ணுயிர்களை ஏவி, அவை தின்று செரிக்கும்வரை காத்திருப்பதும் உண்டு. இவ்வாறாக ஏறக்குறைய இருபது இலட்சம் தொன் மண் சுத்தம் செய்யப்பட்டது என்பது அவர்கள் தரும் கணக்கு. அதற்குமேல் நல்ல மண்ணைப் பரப்பிய பின்னரே மரம் நட்டனர். இடையில், நீச்சல் மண்டபம் எழுந்த இடத்திலே இரும்புக் காலத்து மனிதர் நால்வரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. தொழிற்சாலைக்கு முன்னும் இங்கு ஊர் இருந்திருக்கின்றது.

சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த கூக்குரலை எம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வழக்கிலே 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஒருமுறை இறங்கிய நஞ்சைச் சல்லடையிலிட்டுக் கழுவ முடியாது; அது கிணற்றுக்குக் கிணறு நடந்து போகும். ஆதலால் மண்ணைக் கழுவிய கதையைக் கேட்டுக்கொண்டு நின்ற எமக்கு மகிழ்ச்சியோடு ஒரு பெருமூச்சும் உண்டாகியது.

விளையாட்டு வீரர்கள் தங்கிய தொடர்மாடிகள் பின்னர் 2,818 வீடுகளாயின. ஏறக்குறைய பாதி, நடுத்தர மக்களும் குறைந்த வருவாயினரும் பெறக்கூடியவை. மகள் பார்த்து வைத்த வீடு இவற்றை அடுத்து எழுந்த வேறொரு தொடர்மாடியில். ஏறிப் பார்த்தோம். சிறிய வீடு, ஆனால் வெளிச்சமானது. இல்லாள் சமையலறையைக் கண்டதும் "தேங்காய் துருவ இடமில்லை" என்றாள். பால்கனியில் நின்றபோது தொலைவில் வாய்க்காலோரம் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கக் கண்டோம். மகளின் வேலைத்தலம் புகையிரதத்திற் பத்து நிமிடம். பேரனின் பாடசாலை நடந்து போகும் தூரம்.

இங்கே ஒரு செய்தி எம்மைத் திடுக்கிட வைத்தது. விலை முழுவதையும் கொடுத்து வாங்கினாலும் நிலம் எம்முடையதன்று. ஆங்கில நாட்டிலே தொடர்மாடி வீடு பெரும்பாலும் நீண்ட குத்தகையே. 125 ஆண்டு, 250 ஆண்டு என்று எழுதிக் கொடுப்பர். புதுக் குத்தகைகளுக்கு நிலவாடகை அறவிடுவதை 2022 இல் சட்டத்தால் நிறுத்திவிட்டனர் எனினும், பராமரிப்புக் கட்டணம் என்று ஆண்டுதோறும் ஒரு தொகை ஏறிக்கொண்டே போகும். அறுபது வயதுவரை உறுதியும் எல்லைக்கல்லும் வேலிச் சண்டையுமாக வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு, நான்கெல்லையும் காற்றாக உள்ள ஓர் ஆதனத்தைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் வேண்டும். வடக்கெல்லை காற்று, கிழக்கெல்லை காற்று, கீழெல்லை மற்றொருவர் கூரை என்று நொத்தாரிசு எழுதுவாரோ என்று மகளைக் கேட்டோம். அவள் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் அவ்விடத்து முதியவர் ஒருவரோடு சிறிது உரையாடினோம். "எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றது, ஆனால் இங்கே ஒருவரும் இருக்கவில்லை என்றுமட்டும் சொல்லாதீர்கள்" என்றார். பிறகு விசாரித்தபோது அறிந்தோம். கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பிலே நானூறு பேருக்கு மேல் வாழ்ந்திருந்தனர். பூங்காவுக்காக அவர்களை எழுப்பி, 2007 இல் அதனை இடித்துவிட்டனர். அதே ஆண்டில், குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மரக்கறி பயிரிட்டுவந்த மேனர் கார்டன் என்னும் தோட்டத் துண்டுகளும் மூடப்பட்டன. அவர்களுக்கு வேறிடம் லேய்ட்டனிற் காட்டப்பட்டது. தொழிற்சாலை செத்த இடத்தை வெற்றிடம் என்று வரைபடத்திற் குறித்துவிடலாம். ஆனால் விலை மலிந்த இடத்திற்றானே ஏழைகள் ஒதுங்குவர்! பழைய நிலம் என்பதற்குள் பழைய மனிதரும் அடங்குவர் என்பதைத் திட்டம் வரைவோர் மறந்துவிடுகின்றனர்.

ஸ்ட்ராட்போர்ட்டுக்கு அருகே, போ என்ற பகுதியில் ஒரு செங்கல் மாளிகையையும் பார்த்தோம். மாளிகை என்றா சொன்னோம்? அது தீப்பெட்டித் தொழிற்சாலை. 1888 ஆம் ஆண்டிலே அங்கு வேலை செய்த பெண்களும் சிறுமியரும் கொடுமை தாளாது வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்காகப் பேனா பிடித்தவர் வேறு யாருமல்லர். பிற்காலத்திற் சென்னை அடையாற்றைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, 1917 இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைமையையும் வகித்த அன்னி பெசண்ட் அம்மையார்தாம். வெண்பொஸ்பரசு என்னும் நஞ்சு தாடையெலும்பை அரித்த அவ்விடத்தில் இன்று காவலாளி வைத்த விலையுயர்ந்த வீடுகள். நாம் வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் தம் நாயை உலாவ அழைத்துச் சென்றார்.

மறுநாள் ஞாயிறு; மருமகனின் முறை. ஸ்டீவனேஜுக்கு வண்டி ஏறும் இடம் கிங்ஸ் குரொஸ். அந்நிலையத்தின் பின்புறத்தில் முன்னர் நிலக்கரி கொட்டிய முற்றங்கள் கடைகளாகவும், எரிவாயு தேக்கிய இரும்புக் கூண்டுகளின் உள்ளே வட்ட வடிவான வீடுகளாகவும் மாறியிருப்பதை மகள் வேண்டுமென்றே எமக்குக் காட்டினாள். மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அரைமணிக்குள் ஸ்டீவனேஜ். இவ்வூரின் கதையை எமது மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உலகப் போர் முடிந்ததும், குண்டு வீச்சினால் வீடிழந்த இலண்டன் மக்களுக்குப் புதுநகரங்கள் அமைப்பதென அரசாங்கம் தீர்மானித்தது. 1946 நவம்பரில் முதலாவது புதுநகராகப் பிரகடனம் செய்யப்பட்டது ஸ்டீவனேஜ். அப்போது அது சிற்றூர், சுற்றிலும் கமங்கள். விளக்கம் கூற வந்த அமைச்சர் லூயிஸ் சில்கினை ஊர்மக்கள் கூச்சலிட்டு வரவேற்றனர். அவருடைய மோட்டார் வண்டியின் சில்லுக் காற்றைப் பிடுங்கி, எண்ணெய்த் தாங்கியில் மணலையும் போட்டுவிட்டனராம். புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையை மாற்றி "சில்கின்கிராட்" என்று எழுதியும் வைத்தனர்! வழக்கு பிரபுக்கள் சபைவரை போய், 1947 இல் ஊரார் தோற்றனர். இன்றோ அவ்வூரில் வாழ்வோர் 2021 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏறக்குறைய தொண்ணூறாயிரம் பேர். 1959 இல் திறக்கப்பட்ட நகர நடுவில் வண்டிகளுக்கு இடமில்லை, நடப்போருக்கே இடம். அந்நாட்டில் அவ்வாறு வகுக்கப்பட்ட முதல் நகர நடு அதுவே. வீடிழந்து, ஓர் அறையில் ஒரு குடும்பமாக நெருங்கியிருந்து, இங்கு வந்து முதன்முதலாகத் தனிக் குளியலறையையும் முன்முற்றத்தையும் கண்ட இலண்டன் தொழிலாளியை நோக்கி, "நீ வந்திருக்கலாகாது, இது வயல்" என்று யார் கூறுவார்? வயலின் பக்கம் நிற்கும் எமக்கும் அது கூற நா எழவில்லை.

நகரின் வடக்கெல்லையில் ஒரு பழைய வீடு உண்டு. "ஹவார்ட்ஸ் என்ட்" என்ற நாவலையும், நம்மவர் நன்கறிந்த "எ பாசேஜ் டு இந்தியா"வையும் எழுதிய இ. எம். போர்ஸ்டர் சிறுவனாக வாழ்ந்த வீடு. நாவலின் வீடு அதுவே என்பர். அதனைச் சூழ்ந்த வயல்களை "போர்ஸ்டர் நாடு" என்றே அழைத்து அன்பர்கள் பாதுகாத்து வந்தனர். அவற்றுள் ஒரு பகுதியில் வீடு கட்டவும் அண்மை ஆண்டுகளில் அனுமதி வழங்கப்பட்டது.

மருமகன் காட்டிய மனை அவ்விடத்தில் அன்று, மற்றொரு பக்கத்தில். மாதிரி வீடு ஒன்றை அலங்கரித்து வைத்திருந்தனர். மூன்று அறை, மாடிப்படி, பின்புறத்தில் ஒரு சிறு முற்றம். மருமகன் அம்முற்றத்தில் இறங்கி, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டு வந்தவர். ஒரு நிமிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

வேலிக்கு அப்பால் இன்னும் கட்டப்படாத வயல். வானம்பாடிகள் எழுந்து பாடிக்கொண்டிருந்தன. அவை நிலத்திற் கூடு கட்டும் பறவைகள். அடுத்த ஆண்டு எங்கே கட்டும் என்று பேரன் கேட்டான். விற்பனைப் பெண்மணி, புதுப் பூங்கா ஒன்று அமைக்கப்படும் என்று விடை பகர்ந்தாள். கடை எங்கே? வரும். பாடசாலை? வரும். வைத்தியசாலை? அதுவும் வரும். பேருந்து? பெண்மணி ஒரு புன்னகை செய்தாள். எமது தரகர் நினைவுக்கு வந்தார்.

புதுவீட்டின் சாவியைப் பெறுவதற்கு முன்னரே இரண்டு மோட்டார் வண்டிகள் வாங்கவேண்டியிருக்கும் என்று மகள் காகிதத்தில் கணக்கிட்டாள். பழைய நிலத்திலே வீதியும் குழாயும் மின்சாரமும் புகையிரதமும் முன்னரே உண்டு. செலவு மண்ணைச் சுத்தம் செய்வதில். பசுநிலத்திலே மண் சுத்தம், மற்றவையெல்லாம் செலவு. கட்டுவோர் பின்னதையே விரும்புவதன் இரகசியம், அச்செலவிற் பெரும்பகுதி அவர்கள் தலையில் விழாது, வந்து குடியேறுவோர் தலையிலும் ஊராட்சியின் தலையிலும் விழுவதே என்று எமக்குத் தோன்றியது.

இலண்டனைச் சூழ்ந்து பசும்பட்டி என்ற ஒன்று உண்டு. நகரம் எல்லையின்றிப் பரவாதிருக்க 1938 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிகோலியது. 1955 இல் மற்ற நகரங்களுக்கும் அம்முறை விரிந்தது. இன்று இங்கிலாந்தின் நிலத்தில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு இப்பட்டிகளுள் அடங்கும். அதற்குள் அழகிய வயலும் உண்டு. பாழடைந்த வாகனத் தரிப்பிடமும் உண்டு. அவ்வாறான பயனற்ற துண்டுகளுக்கு 2024 டிசம்பரிற் சாம்பல்நிறப் பட்டி என மற்றொரு நிறத்தையும் சூட்டினர். நிறங்கள் இன்னும் எத்தனை வருமோ நாமறியோம்.

நிறத்தை மட்டும் நம்பிவிடலாகாது என்பதையும் நாம் கற்றோம். தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் இடத்தில் கான்வி என்ற தீவு. அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்று கட்டத் தொடங்கி, 1970 களில் இடைநடுவே கைவிட்டனர். நதியிலிருந்து அள்ளிக் கொட்டிய மணலும், வட்ட வட்டமான தார்த் தளங்களுமாக அவ்விடம் கிடந்தது. பழுப்பு நிலம் என்றால் இதைவிடப் பழுப்பு வேறில்லை! ஆனால், ஆளரவமற்ற அம்மணலிலே காட்டுப்பூக்கள் முளைத்தன. பூக்களைத் தேடி, நாட்டில் வேறெங்கும் அருகிப்போன தேனீக்களும் வண்டுகளும் வந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட பூச்சியினங்களை அறிஞர்கள் அங்கு கண்டுள்ளனர். 2005 இல் அது பாதுகாக்கப்பட்ட இடமாகியது. புதன்கிழமை நாம் அங்கு போனபோது பேரன் ஒரு தேனீயின் பின்னால் அரைமணி நேரம் அலைந்தான். சில மைல்களுக்கு அப்பால் நாம் கடந்து வந்த கோதுமை வயலிலோ, மருந்து தெளித்த பயிரைத் தவிர வேறு உயிரைக் காணவில்லை.

அன்றிரவு உண்டு முடித்து இருந்தபோது பேரன் கேட்டான்: "அம்மப்பா, உங்கள் ஊரில் பழுப்பு நிலம் இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தோம். தொழிற்சாலை இருந்தாற்றானே! காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை ஒன்று. 1950 இல் உற்பத்தி தொடங்கி, 1990 இல் போரினால் நின்றுபோனது. அதைத் தவிர வேறென்ன? அவ்வாறு எண்ணிய கணமே எமது ஒழுங்கை கண்முன் வந்தது. எமது படலையிலிருந்து கோயில்வரை பதினேழு வளவுகள். அவற்றுள் ஐந்தில் ஆளில்லை. கூரை வீழ்ந்து, சுவரைப் பிளந்து அரசமரம் எழுந்து நிற்கின்றது. அத்திவாரம் உண்டு, நன்னீர்க் கிணறு உண்டு, ஒழுங்கையில் மின்கம்பி உண்டு, மாவும் பலாவும் உண்டு. மனிதர்தாம் இல்லை. அவர்கள் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் பாரிசிலும் இருக்கின்றனர். பத்துப் பரப்பு வளவுக்கு ஏழு உரித்தாளர். நான்கு நாடுகளில் நால்வர், இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, ஒருவர் எங்கென்றே தெரியாது. வாங்க விரும்பும் இளந்தம்பதியர் யாரிடம் போவர்? ஆகவே ஒரே உறுதி, ஒரே கையொப்பம் என்றிருக்கும் வயலைத் தேடிப் போகின்றனர். மாரியில் மழைநீரை நிலத்துக்கு இறக்கி, கோடையில் எம் கிணறுகளை வற்றாது காப்பது அவ்வயலே. அதன்மேற் கல்லைக் கொட்டிவிட்டுக் கார்த்திகையில் வீட்டுக்குள் வெள்ளம் என்று அழுகின்றனர்.

அவ்வைந்து வளவுகளுள் ஒன்று எமது மருமகனின் தந்தையாருடையது என்பதை இதுவரை நாம் கூறவில்லை.

மருமகன் தலைகுனிந்து இருந்தார். "அது விற்பதற்கல்ல, மாமா. என்றைக்காவது திரும்பிப் போனால்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். காலையிற் புல்லில் வெறுங்காலோடு நின்றவர் எந்த மண்ணில் நின்றார் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது. அவரை வற்புறுத்த எமக்கு மனமில்லை. "வயலை விற்றால் உங்கள் முற்பணம் நிறையும். எமது உறுதி பெட்டியில் இருக்கின்றது" என்று மட்டும் கூறினோம். இல்லாள் எம்மை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அறியாமற் பெட்டியில் வைத்த உறுதியல்லவா!

இரண்டு நாள் வீட்டில் அதிகம் பேச்சில்லை. மூன்றாம் நாள் மருமகன் வேலையால் வந்து, உடை மாற்றாமலே தொலைபேசியை எடுத்துத் தொரொன்ரோவிலுள்ள தமையனாரை அழைத்தார். பின்னர் கொழும்பிலுள்ள அக்காவை. பேச்சு நள்ளிரவுவரை நீண்டது. ஒருமுறை சிரிப்பும் ஒருமுறை அழுகையும் கேட்டன. வளவை ஊரிலேயே இருக்கும் ஓர் ஆசிரியத் தம்பதியருக்குக் கொடுப்பது, கிணற்றடி மாமரத்தைத் தறிப்பதில்லை என்று வாய்ச்சொல் வாங்குவது, வரும் பணத்தை ஆறு பங்காக்குவது என்று பேசி முடித்தனர். மாமரத்தைப் பற்றி உறுதியில் எழுத முடியுமா என்று அக்கா கேட்டாராம்.

வீட்டுக் காரியமும் ஒருவாறு தீர்ந்தது. ஸ்ட்ராட்போர்ட்டிலே பங்குரிமை என்ற முறையில், வீட்டின் ஒரு பங்கை மட்டும் வாங்கி மிகுதிக்கு வாடகை செலுத்தும் வழியுண்டு. அதற்கு முற்பணம் குறைவு, கையிலிருப்பதே போதும். எட்டாம் மாடி கிடைக்கவில்லை, மூன்றாம் மாடி. கணக்குப் பார்த்தால் அது மலிவென்று நாம் கூறமாட்டோம். வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் ஒருபுறம், பங்குக் கடன் ஒருபுறம் என்று மகள் மாதம் முழுவதும் எழுதிக்கொண்டிருப்பாள். மருமகனோ, மரக்கறித் தோட்டத் துண்டுக்கான நகரசபைப் பட்டியலில் தம் பெயரைப் பதிந்திருக்கின்றார். முன்னால் இருப்போர் தொகையைக் கேட்டுவிட்டு, பேரனின் பெயரையும் பதியலாமா என்று விசாரித்தாராம்.

நாம் ஊர் திரும்பிய மறுநாளே தரகர் வந்தார். தட்டத்தைத் தம் பக்கம் இழுத்தார். வயல் இல்லை, வளவு ஒன்று உண்டு என்றோம். உரித்தாளர் எத்தனை பேர் என்றார். ஆறு என்றோம். தட்டத்தை எம் பக்கமே தள்ளி வைத்துவிட்டார்.

ஐப்பசியில் வயலை விதைத்தோம். இதனை எழுதும்போது பயிர் முழங்கால் அளவு நிற்கின்றது, வரம்புவரை தண்ணீர். தொரொன்ரோவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அற்றோணித் தத்துவங்கள் வந்துவிட்டன. ஆசிரியத் தம்பதியர் கிணற்றை இறைத்துப் பார்த்து, நீர் இனிப்பென்று கூறிச் சென்றனர். பாரிசிலுள்ள தங்கையாரின் கையொப்பம் மாத்திரம் இன்னும் வந்து சேரவில்லை.